அரக்குச் சிவப்புக் கவசம்: விளிம்புக்கு ஆரஞ்சா, ரோஸா, செம்மண்ணா?

கருஞ்சிவப்புக் கவசம் போட்ட மினியேச்சரில், அதாவது பெயிண்ட் அடிக்கும் சின்னப் படைவீரன் பொம்மையில், பேஸ் கோட் என்கிற அடிநிறம் முடிகிற வரை யாருக்கும் பிரச்சினை வருவதில்லை. சிட்டடெல் பிராண்டின் கோர்ன் ரெட் பெயிண்டைத் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாகப் பூசினால் கவசம் அரக்கு நிறத்தில் கம்பீரமாக நிற்கும். சிக்கல் அடுத்த படியில்தான். அப்படியே விட்டால், மேசையில் மூன்றடி தள்ளி வைத்ததும் கை எது, கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கருமையாகிவிடுகிறது. சரி என்று விளிம்புகளில் பளிச்சென்ற சிவப்பை இழுத்தால் அரக்கு போய்விடுகிறது. பாக்கி இருப்பது தக்காளிச் சிவப்பில் ஒரு ஆள்.

நிழலுக்கு எந்த நிறம், வெளிச்சத்துக்கு எந்த நிறம், அதை எந்த முறையில் போடுவது என்ற மூன்று முடிவுகளை இங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் படைகளை எடுத்துக்கொள்கிறேன். அரக்குச் சிவப்பில் அங்கே மூன்று படைகள் வசதியாகக் கிடைக்கின்றன: வெள்ளி விளிம்பு வைத்த வேர்ட் பேரர்ஸ், பித்தளை விளிம்பு வைத்த வேர்ல்ட் ஈட்டர்ஸ், சிவப்போடு கருப்பைச் சேர்த்துக் கட்டும் ஃப்ளெஷ் டியரர்ஸ். ஒரே பேஸ் கோட்டில் தொடங்கினாலும் மூன்றுக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

சிவப்பு ஏன் இப்படிப் படுத்துகிறது

நீலத்தில் வெள்ளை கலந்தால் வெளிர்நீலம். பச்சையில் கலந்தால் இளம்பச்சை. பார்க்கிறவர் அதை வெளிச்சம் பட்ட நீலமாகவும் வெளிச்சம் பட்ட பச்சையாகவும் எடுத்துக்கொள்வார். சிவப்பில் வெள்ளை கலந்தால் வருவது ரோஸ். அதை யாரும் வெளிச்சம் பட்ட சிவப்பு என்று நினைப்பதில்லை.

போதாததற்கு, சிவப்பு இயல்பிலேயே இருண்ட நிறம். கணினித் திரைகளுக்கான வழக்கமான கணக்குப்படி வெள்ளையின் பிரகாசம் 100 என்றால் சுத்தமான சிவப்பின் பிரகாசம் சுமார் 21தான். மஞ்சள் 93 வரை போகும். அதாவது சிவப்பு முழு வீரியத்தோடு இருக்கும் உயரமே தாழ்வானது. அதற்கு மேல் வெளிச்சமாக்க வேண்டுமென்றால் அது எங்காவது நகர்ந்தாக வேண்டும். மஞ்சள் பக்கம் நகர்ந்தால் ஆரஞ்சு. வெள்ளை பக்கம் நகர்ந்தால் ரோஸ். இரண்டும் வேண்டாமென்றால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: வீரியத்தைக் குறைத்து, தோல் நிறமோ காவியோ கலந்து, செம்மண் மாதிரி ஒரு மங்கலான சாயலுக்குப் போவது. பெயிண்ட் டப்பாவில் சாயத்தின் கணக்கு திரையின் கணக்கு அல்ல, ஆனால் நகரும் திசைகள் இந்த மூன்றுதான். டப்பாவின் மேல் என்ன கவர்ச்சியான பெயர் இருந்தாலும் அது இவற்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

இன்னொரு விஷயமும் சிவப்புக்கு எதிராக வேலை செய்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு நீலத்தைவிடச் சிவப்பு வேகமாக இருண்டுபோகும். 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிஞர் யான் புர்கினியே கவனித்துச் சொன்ன விளைவு இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். மாலை நேரத்தில் மங்கலான ஹாலில் விளையாடும்போது உங்கள் அரக்குப் படை எதிராளியின் நீலப் படையைவிட மோசமாகத் தெரிவதற்குப் பெயிண்டிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

விளக்கையும் கவனியுங்கள். எல்.இ.டி. பல்பு அட்டையில் போட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண், அதாவது அந்த பல்பின் கீழ் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்ற அளவு, எட்டு மென்மையான நிறங்களின் சராசரி. அடர் சிவப்புக்கான ஒன்பதாவது அளவு, அதாவது ஆர்9, அந்தச் சராசரியில் சேராது. அதனால் சி.ஆர்.ஐ. 80 என்று போட்ட பல்பின் கீழ் உங்கள் சிவப்பு உயிரில்லாமல் பழுப்படித்துத் தெரியலாம். ஆர்9 எண்ணைத் தனியாகக் குறிப்பிடும் விளக்கு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், எந்த ஹைலைட், அதாவது எந்த வெளிச்ச நிறம், என்று முடிவு செய்வதற்கு முன் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதலில் நிழல்

பெரும்பாலானோர் ஹைலைட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அரக்குச் சிவப்பில் பாதி வேலையை நிழல் செய்கிறது என்பது என் கட்சி. பேஸ் கோட் ஏற்கெனவே இருட்டாக இருப்பதால் கீழே இறங்க இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் தேர்வாக எல்லோர் கையிலும் இருப்பது கருப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்ட்), அதாவது நல்ன் ஆயில். சாம்பல் நிறத்திலும் உலோகத்திலும் அது கைகண்ட மருந்து. கோர்ன் ரெட்டின் மேல் முழுதாகப் பூசினால் பள்ளம் மேடு பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்கி, காய்ந்ததும் தட்டையான பரப்புகளில் கறை வளையங்களை விட்டுவிடும். பிறகு பேஸ் நிறத்தையே மறுபடி கவசத்தின் எல்லாப் பலகைகளிலும் பூச வேண்டிவரும். செய்த வேலையையே திரும்பச் செய்வது. பள்ளத்தில் மட்டும் நுனிப் பிரஷால் விட்டால் கருப்பு நன்றாகவே இருக்கும், என்ன, கொஞ்சம் உயிரற்ற கோடாகத் தெரியும்.

அக்ராக்ஸ் எர்த்ஷேடு பழுப்பு. இது சிவப்பைத் துரு பக்கம் இழுக்கும். பல ஆயிரம் ஆண்டுகளாகப் போரிட்டுக் களைத்த கவசம் என்று கதை சொல்ல வேண்டுமென்றால் இதுதான் சரி. புதுக் கவசம், மெருகுள்ள கவசம் என்றால் வேண்டாம்.

காரோபர்க் கிரிம்சனை, அதுவும் சிவப்பு இதுவும் சிவப்பு என்று, நிழலுக்கு வாங்குகிறவர்கள் நிறைய. கோர்ன் ரெட்டின் மேல் பள்ளத்தில் விட்டுப் பாருங்கள்; விட்ட இடமே தெரியாது. நிறத்தின் வீரியம் கூடும், இருட்டு அவ்வளவாகக் கூடாது. அந்தக் குணத்துக்கு வேறு ஒரு உபயோகம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். நிழலுக்கு அது ஆகாது.

ட்ரூக்கி வயலட் எனக்குப் பிடித்தமானது. கத்தரிப்பூ ஊதா பள்ளத்தில் இறங்கும்போது சிவப்பு ஆழமாகவும் குளிர்ச்சியாகவும் மாறுகிறது. அரக்குப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் பார்த்தால் இந்த நிழல் தெரியும்: அங்கே துணி கருப்பாகாமல், ஊதா கலந்த ஒரு இருட்டுக்குப் போகும். மேட்டில் சூடான நிறம், பள்ளத்தில் குளிர்ந்த நிறம் என்ற வித்தியாசம் கிடைத்துவிட்டால், பிரகாசத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமலேயே கண் வடிவத்தைப் புரிந்துகொள்கிறது. இருண்ட நிறங்களுக்கு இது பெரிய உபகாரம்.

கடைசித் தேர்வு, வாஷ் டப்பாவை விட்டுவிட்டு நாமே கலப்பது. கோர்ன் ரெட்டோடு இன்குபி டார்க்னெஸ் மாதிரி இருண்ட மயில்கழுத்து நிறத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால், எதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் கருப்பான ஒரு நிறம் வரும். டப்பாக் கருப்பைவிட இது சிவப்போடு நன்றாக ஒட்டும். நீர்க்கக் கரைத்து, பலகைகள் சேரும் இடுக்குகளில் கோடாக இழுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். தலைவன், கொடிபிடிப்பவன் போன்ற தனி மாடல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து சிப்பாய்களுக்கு ட்ரூக்கி வயலட் போதும்.

வேர்ட் பேரர்ஸின் தோள்பட்டைக் கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளி வளையம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு இருக்கிறது. அந்த மூலையில் முடி அகலத்துக்கு ஒரு இருண்ட கோடு இழுத்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இன்னும் ஒரு ஹைலைட்கூடப் போடவில்லை, அதற்குள் தோள்பட்டை தனியாகப் பிரிந்து தெரியும். கோடு இல்லாமல் மூன்று படி ஹைலைட் போட்டாலும் இவ்வளவு பிரியாது.

வெளிச்சம்: மூன்று திசைகள்

ஆரஞ்சு வழி பழைய வழி. 1990களில், வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் மாடல்கள் அடர்த்தியான, பளபளப்பான நிறங்களுக்குப் பேர்போனவை. சிவப்புக்கு மேலே ஆரஞ்சு என்ற பழக்கம் அந்தக் காலத்திலேயே ஊறிப்போனது. இன்றைய டப்பாக்களில் சொன்னால் கோர்ன் ரெட், வாஸ்டாக்கா ரெட், ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட், உச்சியில் ஸ்குவிக் ஆரஞ்சு அல்லது வைல்ட் ரைடர் ரெட். இதன் பலம் தூரத்தில் தெரிவது. மேசையின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் ஒவ்வொரு முழங்கால் தட்டும் பளிச்சென்று தெரியும். பலவீனம், அரக்கு நிறம் கைவிட்டுப் போவது. கண் ஒரு பரப்பின் நிறத்தை முடிவு செய்யும்போது பிரகாசமான பகுதிக்குக் கூடுதல் மரியாதை கொடுக்கிறது. ஸ்கார்லெட் கோடு ஒரு பலகையின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் போனாலே ஃப்ளெஷ் டியரர்ஸ் வீரன், பளிச்சென்ற சிவப்புப் படையான பிளட் ஏஞ்சல்ஸ் ஆகிவிடுவான். 32 மி.மீ. வட்டத் தட்டில் நிற்கும் ஒரு ஆளுக்கு அரை மில்லிமீட்டர் என்பது தடித்த கோடு.

ஆகவே ஆரஞ்சு வழியில் போகிறவர்கள் ஒரு எல்லையைத் தாண்டக் கூடாது. வாஸ்டாக்கா ரெட்டில் எல்லா விளிம்புகளும், ஸ்கார்லெட்டில் மேல்நோக்கிய விளிம்புகள் மட்டும், ஆரஞ்சு என்றால் இரண்டு விளிம்புகள் சந்திக்கும் மூலையில் ஒரு புள்ளி. அதற்கு மேல் கை நீண்டால் படையின் பெயரை மாற்ற வேண்டியதுதான்.

ரோஸ் வழி குளிர்ந்த வழி. ஸ்க்ரீமர் பிங்க், அதற்கு மேல் பிங்க் ஹாரர், அல்லது பேஸ் நிறத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை. இது சிவப்பை ஒயின் பக்கம் இழுக்கிறது. துணியில், அங்கியில், வெல்வெட்டில் அழகாக வரும். கவசத்தில் ஆபத்து என்னவென்றால், பரவலாகப் போட்டால் உலோகம் மாதிரி இல்லாமல் துணி மாதிரித் தெரியும்.

ஆனால் ஒரு இடத்தில் ரோஸ்தான் சரியான விடை: பளபளப்பான அரக்குப் பூச்சு. சாமுராய் மாடல் செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஜப்பானில் 1582இல் தகேதா குலம் வீழ்ந்த பிறகு, அவர்களுடைய வீரர்கள் பலரைத் தொகுகாவா இயெயாசு, இயி நவோமசாவின் கீழ் சேர்த்தார். தகேதா படையின் சிவப்புக் கவச வழக்கத்தை இயி குலம் தனதாக்கிக்கொண்டது. தலை முதல் கால் வரை சிவப்பு அரக்குப் பூசிய அந்தக் கவசம் மினுங்கும். மினுங்கும் பரப்பில் வெளிச்சம் பரவுவதில்லை. ஒரு சின்ன இடத்தில் வெள்ளையாகத் தெறிக்கும், மற்றதெல்லாம் இருட்டாகவே இருக்கும். அதனால் 54 மி.மீ., 75 மி.மீ. சாமுராய்க்குக் கவசத்தின் பெரும்பகுதியை ஆழமான அரக்கில் விட்டு, வளைவின் உச்சியில் மட்டும் சின்னதாக ரோஸ், அதன் நடுவில் கிட்டத்தட்ட வெள்ளையில் ஒரு புள்ளி. ஆரஞ்சு போட்டால் இந்த மினுமினுப்பு வராது.

மூன்றாவது, நான் செம்மண் வழி என்று சொல்வது. பேஸ் நிறத்தோடு கேடியன் ஃப்ளெஷ்டோன் அல்லது பக்மன்ஸ் க்ளோ மாதிரி ஒரு தோல் நிறத்தைக் கலப்பது. தோல் நிறத்தில் ஆரஞ்சும் இருக்கிறது, ரோஸும் இருக்கிறது, கொஞ்சம் சாம்பலும் இருக்கிறது. அதனால் கலவை எந்தப் பக்கமும் சாயாமல், வெயிலில் கிடந்து வெளுத்த செங்கல் நிறத்துக்கு வரும். டப்பாவில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அழுக்கு நிறம். அரக்குக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடாகப் போட்டதும் அதுவே சிவப்பாகத் தெரியும், பேஸ் நிறமும் அரக்காகவே நிற்கும். வீரியம் குறைந்த நிறம் வீரியமுள்ள நிறத்தோடு போட்டி போடுவதில்லை. பக்கத்தில் நின்று அதைத் தூக்கிக் காட்டும்.

பலவீனம் உண்டு. தூரத்தில் ஆரஞ்சு அளவுக்குத் தெரியாது. அளவு கூடினால் சுண்ணாம்பு பூசியது போல வறண்டுவிடும். கலவை வேலை என்பதால், பத்து பேரில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நிறம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காலி டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்துக்கொள்வது நல்லது. கலக்கப் பிடிக்காதவர்கள் வயேஹோ என்ற பிராண்டின் மாடல் கலர் வரிசையில் கேவல்ரி பிரவுனை எடுக்கலாம். பெயரில் பிரவுன் இருந்தாலும் அது செம்பழுப்புதான். அரக்கு பேஸுக்கு முதல் ஹைலைட்டாக அப்படியே டப்பாவிலிருந்து பூசலாம்.

போட்டோ எடுக்கிறவர்களுக்கு இதில் ஒரு உபரி லாபம். போன் கேமராவில் பளிச்சென்ற சிவப்பு அடிக்கடி ஒரே தட்டையான திட்டாகப் பதிவாகும். அதற்குள் இருக்கும் ஹைலைட் கோடுகள் கரைந்துபோகும். செம்மண் கோடு அப்படிக் கரைவதில்லை.

எந்த முறையில்

நிறத்தை முடிவு செய்தாலும் அதைக் கவசத்தில் ஏற்றும் வழி பல. எல்லாவற்றையும் விரிக்கப் போவதில்லை, அரக்குச் சிவப்புக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பார்ப்போம்.

எட்ஜ் ஹைலைட், அதாவது விளிம்பில் மட்டும் இழுக்கும் வெளிச்சக் கோடு, மேலே சொன்ன மூன்று படைகளின் வீரர்களான ஸ்பேஸ் மரீன்களின் கவசத்துக்கே அளந்து தைத்தது. தட்டையான பலகைகள், கூர்மையான விளிம்புகள். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் ஈவி மெட்டல் என்ற பெயிண்டர் குழுவின் அடையாளமே இந்த விளிம்புக் கோடுகள்தான். இதற்கு மிகச் சின்னப் பிரஷ் வேண்டும் என்று நினைத்து 000 அளவை வாங்குகிறவர்கள் பலர். அதன் வயிற்றில் பெயிண்ட் நிற்காது, கோடு பாதி போவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நல்ல நுனியுள்ள 1ஆம் எண் பிரஷ் போதும். நுனியால் வரையாமல், பிரஷைச் சாய்த்து அதன் பக்கவாட்டை விளிம்பின் மேல் சுமார் 45 டிகிரியில் வைத்து இழுத்தால் விளிம்பே கோட்டை வரைந்து கொடுக்கும். சென்னை மாதிரி ஊரில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். பெயிண்டை ஈரமாக வைத்திருக்கும் வெட் பேலட் இருந்தாலும் பிரஷ் நுனி காய்வதைத் தடுக்க முடியாது.

ட்ரைபிரஷ், அதாவது பெயிண்டைத் துடைத்தெடுத்த பிரஷால் மேடுகளில் உரசுவது, வேகம். ரோமத்துக்கும் சங்கிலிக் கவசத்துக்கும் ஏற்றது. வழவழப்பான தோள்பட்டையில் பொடி படிந்தது மாதிரி தெரியும், அதுவும் இருண்ட நிறத்தில் ஒவ்வொரு பொடியும் கண்ணில் குத்தும். செம்மண் வழியில், போரில் தேய்ந்த படை என்று கதை வைத்துக்கொண்டால் ஒப்பேற்றலாம்.

ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் தரும் கான்ட்ராஸ்ட் பெயிண்ட் 2019இல் வந்தது. கருப்புப் பிரைமர் (முதல் அடிப்பூச்சு) அடித்து, மேலிருந்து வெள்ளையோ சாம்பலோ ஸ்ப்ரே செய்து, அதன் மேல் ஃப்ளெஷ் டியரர்ஸ் ரெட் என்ற கான்ட்ராஸ்ட் பெயிண்டை ஒரே கோட்டாக விடுவது. நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பெயிண்ட் பள்ளத்துக்கு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பள்ளமே இல்லாத அகலமான பலகையில் அது எங்கே போவதென்று தெரியாமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தசை, கொம்பு, கிழிந்த துணி நிறைந்த ரத்தக் கடவுளான கோர்னின் தொண்டர்களுக்கு அருமை. ஸ்பேஸ் மரீனின் கால்தட்டுக்கு அரைகுறை. அதை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கோர்ன் ரெட் பூசிய கவசத்தின் மேல் நீர்க்கடித்துப் பள்ளத்தில் நிழலாக விடலாம்; அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

ஏர்பிரஷ் இருந்தால் பேச்சே வேறு. கீழிருந்து இருட்டும் மேலிருந்து வெளிச்சமுமாகப் பலகையில் சீராக மாறும் நிறத்தைப் பிரஷால் கொண்டுவர வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் மெல்லிய கிளேஸ்களாக அடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். முழுப் படைக்கு அது நியாயமான உழைப்பு இல்லை என்பது என் அபிப்பிராயம். போட்டிக்கு வைக்கும் ஒற்றை மாடலுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

வண்டிகளுக்கு ஆயில் வாஷ். ரைனோ, லேண்ட் ரெய்டர் மாதிரி பெரிய பரப்பில் அக்ரிலிக் வாஷ் கறை விடாமல் காய்வது அபூர்வம். கிளாஸ் வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டு, பர்ன்ட் அம்பர் ஆயில் கலரில் துளி கருப்பு சேர்த்து மினரல் டர்பன்டைனில் கரைத்து, ரிவெட் ஓரங்களிலும் பலகை இடுக்குகளிலும் தொட்டால் போதும். தானாக ஓடிப் பிடித்துக்கொள்ளும். வழிந்ததை டர்பன்டைனில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம், அடியில் இருக்கும் சிவப்பு கெடாது. ஓவியக் கடையில் கிடைக்கும் சாதாரண ஆயில் டியூபே போதும், மாடலிங்குக்கென்று தனியாக வாங்கத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிரைமரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்புச் சாயங்கள் பலவும் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே எட்டிப் பார்க்கும். கருப்பின் மேல் கோர்ன் ரெட் நன்றாக மூடும், ஆனால் மேலே போடும் வாஸ்டாக்காவும் ஸ்கார்லெட்டும் மந்தமாக நிற்கும். செம்பழுப்புப் பிரைமர் எனக்குச் சரியாகப் படுகிறது. வயேஹோவின் ஜெர்மன் ரெட் பிரவுன் சர்ஃபேஸ் பிரைமர், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கிகளின் அடிப்பூச்சு நிறத்தை ஒட்டியது. அதன் மேல் அரக்கு ஏறினால் பிரஷ் தொடாத இடுக்குகூட நிழலாகவே தோன்றும்.

விளிம்பு உலோகம் முடிவு செய்யட்டும்

மூன்று படைக்கும் ஒரே பதில் இல்லை என்று சொன்னேன். கவசத்தின் சிவப்பை மட்டும் பார்த்து ஹைலைட் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்தில் இருக்கும் நிறத்தை மறந்துவிடுகிறோம்.

வேர்ட் பேரர்ஸ் வெள்ளி குளிர்ந்த, பிரகாசமான உலோகம். அது ஏற்கெனவே ஒவ்வொரு பலகைக்கும் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. சிவப்பில் இன்னொரு பிரகாசமான கோடு போட்டால் இரட்டைக் கோடாகிக் கண்ணைக் குழப்பும். இங்கே செம்மண் வழி, அதுவும் ஒரே படி. வெள்ளிக்கும் சிவப்புக்கும் நடுவே இருண்ட கோடு கட்டாயம்.

வேர்ல்ட் ஈட்டர்ஸ் பித்தளை சூடான உலோகம். ஆரஞ்சு ஹைலைட் பித்தளைக்குப் பக்கத்தில் போனால் எது விளிம்பு, எது வெளிச்சம் என்று தெரியாமல் இரண்டும் கலந்துவிடும். அதனால் நிழலை ஊதாவில் வைத்து, ஹைலைட்டைக் கொஞ்சம் ரோஸ் பக்கம் தள்ளினால், அதாவது தோல் நிறக் கலவையில் பக்மன்ஸ் க்ளோவைக் கூட்டினால், பித்தளை தனியாகத் தங்கும். இந்தப் படையைப் பலர் அரக்கைவிட வெளிச்சமான சிவப்பிலேயே தொடங்குவார்கள். அப்போதும் இதே கணக்குதான்.

ஃப்ளெஷ் டியரர்ஸ் விஷயத்தில் உலோகச் சட்டமே கிடையாது, பக்கத்தில் கருப்பு. இங்கேதான் ஆரஞ்சு வழிக்கு நியாயம் இருக்கிறது. அரக்கும் கருப்பும் தூரத்தில் ஒன்றாகிவிடும் என்பதால் சிவப்புப் பலகைகளின் விளிம்பு பளிச்சென்று வேண்டும். வாஸ்டாக்காவும் மெல்லிய ஸ்கார்லெட்டும் தரலாம். கருப்புப் பகுதிக்குச் சாம்பல் ஹைலைட்டைக் குளிர்ந்த நீலச் சாம்பலாக வைத்தால் சிவப்பு இன்னும் சூடாகத் தெரியும்.

இதில் எதிலும் சேராமல், சொந்தமாக ஒரு படைக்கு நிறம் அமைக்கிறவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான்: செம்பழுப்புப் பிரைமர், கோர்ன் ரெட், இடுக்குகளில் மட்டும் ட்ரூக்கி வயலட், எல்லா விளிம்பிலும் கேவல்ரி பிரவுன், மேல்நோக்கிய மூலைகளில் மட்டும் அதோடு கேடியன் ஃப்ளெஷ்டோன் கலந்த புள்ளி. பத்து பேரை வரிசையாக வைத்துப் படிப்படியாகச் செய்ய ஏற்றது, அரக்கு அரக்காகவே இருக்கும். தலைவனுக்கு மட்டும் கூடுதலாக இன்குபி கலவைக் கோடும், முகத்தைச் சுற்றிய பலகைகளில் இன்னொரு படி வெளிச்சமும்.

வார்னிஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. முழு மேட் வார்னிஷ் இருண்ட நிறங்களின் மேல் லேசான வெண்படலம் மாதிரி படியும். சாம்பலுக்கும் பழுப்புக்கும் அது பெரிதாகத் தெரியாது, அரக்குக்கு நன்றாகவே தெரியும். மழைக்காலத்து ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் இன்னும் மோசம். சாட்டின் வார்னிஷ் எடுத்தால் ஆழம் அப்படியே நிற்கும். மேட்தான் வேண்டுமென்றால் வார்னிஷ் அடித்து முடித்த பிறகு கடைசிப் புள்ளிகளை வையுங்கள்.

ஏற்கெனவே ஆரஞ்சில் போட்டு முடித்த படை அலமாரியில் இருந்து, அரக்கு போய்விட்டதே என்று தோன்றினால் உரித்துப் பெயிண்ட் செய்ய வேண்டாம். காரோபர்க் கிரிம்சனுக்கு வேலை வரும் இடம் இதுதான். லாமியன் மீடியம் என்ற நிறமற்ற திரவத்தில் பாதிக்குப் பாதி கரைத்து, பிரஷில் ஏற்றி, டிஷ்யூ காகிதத்தில் ஒற்றியெடுத்துவிட்டு, ஹைலைட் கோடுகளின் மேல் மட்டும் மெல்லிய கிளேஸாக இழுங்கள். ஒரு கோட் காய்ந்த பிறகு பார்த்துவிட்டு அடுத்த கோட். இரண்டாவது கோட்டில் ஆரஞ்சு அடங்கிச் சிவப்பாகிவிடும். விளிம்பின் கூர்மை அப்படியே இருக்கும். மூலையில் ஒரு செம்மண் புள்ளி வைத்து அடுத்த ஆளை எடுக்கலாம்.